ஜெயலக்ஷ்மி டீச்சர் எப்போது ஓய்வு பெறுவார்?

"உங்க பள்ளிக்கூடத்துல அடுத்து எந்த டீச்சருங்க ரிடையர் ஆகப் போறாங்க?"

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையிடம் என் அம்மா கேட்ட கேள்வி இது. வெள்ளைத் துப்பட்டியை முகத்திலிருந்து ஒதுக்கி, ஒரு கையால் மோவாயருகே பிடித்துக்கொண்டு, மளிகைக் கடையில் இந்தப் பருப்பு எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரிப்பதுபோல் கேட்டாள்.

தலைமையாசிரியை எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி திறந்த முதல் வாரம். அறை முழுக்கப் புதுச் சுண்ணாம்பின் வாசம். எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எதுக்குக் கேக்கறேள்?" என்றார் அவர்.

"எம் பொண்ணு காலேஜுல டிகிரிக்குச் சேரப் போறா. என்ன பாடம் எடுத்தா, படிச்சு முடிச்சதும் இந்த ஊருலயே வேலை கிடைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டுச் சேக்கலாம்னு வந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே யோசித்தார். கணக்கு டீச்சர் போன வருடம் வந்தவர். பௌதிகமும் ரசாயனமும் எடுப்பவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நேச்சுரல் சயின்ஸ், அதாவது செடிகொடியும் விலங்கும், எடுக்கும் ஜெயலக்ஷ்மிதான் எல்லோரிலும் மூத்தவர், அவருக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்றார்.

அம்மா துப்பட்டிக்குள் விரல் மடக்குவது எனக்குத் தெரிந்தது. டிகிரிக்கு மூன்று வருடம். ஆசிரியப் பயிற்சிக்கு, அதாவது பி.டி.க்கு, ஒரு வருடம். மொத்தம் நான்கு.

திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் ஒரு வகுப்பறையைக் கடந்தோம். ஒல்லியான ஓர் அம்மாள், பொட்டில்லாத நெற்றி, செம்பருத்திப் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் கையை அழுத்தி, அவங்கதான் போல என்றாள். வேறொருவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து அகப்பட்டவளைப்போல் நான் வேகமாக நடந்தேன்.

நாலாவது பள்ளிக்கூடம்

அது நாங்கள் ஏறி இறங்கிய நான்காவது பள்ளிக்கூடம். முதல் பள்ளியில் காவல்காரர் உள்ளே விடவில்லை. இரண்டாவதில் பள்ளிச் சம்பளத்தில் சலுகை கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. அங்கே இருந்த மதர் மிகவும் அன்பாகப் பேசினார். ஆனால் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் சிஸ்டர்கள்தான், ஒருவர் போனால் மடத்திலிருந்து இன்னொருவர் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டார்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எதையும் நாலு பேரிடம் விசாரிக்காமல் செய்ய மாட்டாள். திருச்சி பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வருவதற்கு முன், அந்தத் தெருவில் எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். என் படிப்பையும் அப்படித்தான் அணுகினாள்.

எனக்கு ரசாயனம் என்றால் உயிர். பி.யு.சி.யில், டிகிரிக்கு முந்தைய அந்த ஒரு வருடப் படிப்பில், உப்புப் பரிசோதனை செய்யும்போது, நிறமற்ற நீரில் இரண்டு சொட்டு விட்டதும் பளீரென்று மஞ்சள் படியுமே, அதைப் பார்க்கும் நொடிக்காகவே கல்லூரிக்குப் போனேன். மதிப்பெண்ணும் நன்றாக வந்திருந்தது. விண்ணப்பப் படிவத்தில் முதல் விருப்பம் என்ற இடத்தில் 'கெமிஸ்ட்ரி' என்று அழகாக எழுதியும் வைத்திருந்தேன்.

ஆனால் ரசாயனம் படித்த பெண்ணுக்கு அன்றைய திருச்சியில் என்ன வேலை? விசாரித்ததில் எல்லோரும் மதராஸ் என்றார்கள், பம்பாய் என்றார்கள். திருச்சி என்று ஒருவரும் சொல்லவில்லை.

கப்பலேறிய ராத்தா

ஏன் திருச்சியிலேயே வேலை வேண்டும் என்பதைச் சொல்ல, என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. பெயர் ஜமீலா. என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில் டிரங்குப் பெட்டிக் கடை. தகரத்தை வெட்டி, மடக்கி, ஓரம் தட்டும் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். ராத்தாவுக்குப் பதினேழு வயதில், மலேயாவில் கடை வைத்திருந்த மாப்பிள்ளையைப் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், பேசி முடித்தார். அவளுக்கான பெட்டியை வேலையாட்களிடம் விடாமல் அத்தாவே செய்தார். பச்சைப் பெயின்ட் அடித்து, மூடியில் அவள் பெயரை எழுதினார். நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. முதலில் கடிதங்கள் நான்கு பக்கம் வந்தன. பிறகு இரண்டு. பிறகு வான்கடிதத்தின் பாதி காலியாகவே இருந்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு போட்டோ வந்தது. அதில் அவள் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்றிருந்தவளை ஜமீலா என்று நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தா அதைக் கையில் வாங்கவே இல்லை. அப்படியே அலமாரியில் வைக்கச் சொன்னார்.

நான் பி.யு.சி. எழுதியபோது பெரியத்தா அதே ஊரிலிருந்து இன்னொரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். ராத்தாவுக்குத் துணையாக இருக்கும் என்றார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத அத்தா, பிள்ளை படிக்கிறாளே என்று மட்டும் சொன்னார். அன்று இரவு சோறு சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு பொண்ணைக் கப்பலேத்தினது போதும். இவ படிக்கட்டும். படிச்சு முடிச்சு இங்கேயே ஒரு வேலைன்னு இருந்தா, அண்ணன்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்குவேன். வெளியூர் வேலைன்னா என்னால சொல்ல முடியாது. வெளியூர் போறதுன்னா புருஷன்கூடப் போகட்டும்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு."

அந்த வாக்கியம்தான் அம்மாவைத் துப்பட்டியோடு ஊர் முழுக்க நடக்க வைத்தது.  

சுரண்டிய இடம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அன்றே பிளேடை எடுத்து 'கெமிஸ்ட்ரி'யைச் சுரண்டினேன். மை லேசில் போகவில்லை. சுரண்டச் சுரண்டக் காகிதம் பஞ்சாகி, ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதன்மேல் 'ஸுவாலஜி' என்று எழுதியபோது மை ஊறிப் பரவியது. கிழிந்த படிவத்தை நிராகரித்துவிடுவார்கள் என்று அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்முகத்தில் பிரின்சிபால் அம்மையார் அந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார். படிவத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்த எழுத்தையும் படித்துவிட்டார். கெமிஸ்ட்ரியில் இத்தனை மதிப்பெண் வாங்கிவிட்டு எதற்காக மாற்றினாய் என்று கேட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அம்மாள் நான்கு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறார், அதனால்தான் என்று எப்படிச் சொல்வது? தவளை என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த விரிவுரையாளர் சிரித்தார். இடம் கிடைத்தது.

உண்மையில், மழைக்காலத்தில் குளியலறைக்குள் தவளை வந்தால் தெருவுக்கே ஓடிவிடுகிறவள் நான்.

தவளையும் வைதேகியும்

பரிசோதனைக் கூடத்தில் என் மேஜைக்கு இன்னொரு பக்கம் வைதேகி. ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண். ஃபார்மலின் நெடியில் இருவருக்கும் கண் எரியும். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி ஊசி குத்த வேண்டும். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மில்லா சொன்னேன். அவள் பெருமாளைக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே தவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பரிசோதனை வகுப்பு இருக்கும் நாட்களில் அவள் வீட்டுக்குப் போனதும் புடவையோடு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே. கார்த்திகைக் குளிரிலும் அப்படித்தான். ஜலதோஷத்தோடுதான் அந்தப் படிப்பைப் படித்தாள்.

அவளோ ஸ்ரீரங்கத்தில் அதே பள்ளியில் படித்தவள். ஜெயலக்ஷ்மி டீச்சரின் மாணவி. டீச்சர் எப்படி இருக்கிறார், உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று நான் அடிக்கடி கேட்பேன். எதற்கு இவ்வளவு அக்கறை என்று ஒருநாள் அவள் கேட்டபோது, மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வைதேகி சிரித்தாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை டீச்சர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, மனதில் முதலில் வந்த எண்ணம் என்ன என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று தொழுகையில் நெடுநேரம் உட்கார்ந்து, அந்த அம்மாளுக்கு உடம்பு குணமாக வேண்டும் என்று துவா கேட்டேன்.

பின் வரிசை

மூன்றாவது வருடம் பாதியில் வைதேகிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. படிப்பை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை டெல்லியில் வேலை.

காலை முகூர்த்தம். கல்லூரித் தோழிகள் ஐந்தாறு பேர் போயிருந்தோம். மற்றவர்கள் மேடையருகே போய்விட்டார்கள். எந்த அளவுக்கு உள்ளே போகலாம் என்று தெரியாமல், கூடத்தின் கடைசியில் கிடந்த பெஞ்சில் நான் உட்கார்ந்துகொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. முன்னால் வரவும் சொல்லவில்லை.

பெஞ்சின் மறுமுனையில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். பொட்டில்லாத நெற்றி. தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் எழுந்து அட்சதையோடு முன்னே போனார்கள். அவர் எழவில்லை. நானும் எழவில்லை. கெட்டிமேளம் ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதானே மைமூன்?"

தலையசைத்தேன். 

"வைதேகி சொன்னா. நான் எப்போ போவேன்னு காத்துண்டிருக்கியாமே."

கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மன்னிச்சிடுங்க டீச்சர் என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். பதின்மூன்று வயதில் கல்யாணம், பதினைந்தில் கணவர் இறந்துவிட்டார். அண்ணா வீட்டுக்கு வந்து, சண்டை போட்டுப் படித்து, இந்த வேலைக்கு வந்தேன் என்றார்.

"காலம்பற ஒன்பது மணிக்கு ஸ்கூலுக்குக் கிளம்பறேன் பாரு, அதுக்கப்புறம்தான் நான் டீச்சர். வேலையை விட்டுட்டா மறுபடியும் அண்ணா ஆத்து அடுக்களைல தளிகை பண்றவதான். எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். கிடைச்சா இன்னும் ரெண்டு வருஷம். மறுபடியும் கேப்பேன். தரமாட்டேன்னு சொல்ற வரைக்கும் கேப்பேன். உங்கிட்ட நேரா சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ வேற இடம் பாத்துக்கோ."

சரி டீச்சர் என்றேன்.  உடனே பேச்சை மாற்றி, தவளையின் ரத்த ஓட்டத்தை இப்போது எந்தப் புத்தகத்திலிருந்து நடத்துகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். படம் தப்பாகப் போட்டிருப்பான், பார்த்துக்கொள் என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் வரும்போது ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. எனக்கு வேலையும் இல்லை, பிடித்த பாடமும் இல்லை. பரீட்சைக்கு மூன்றே மாதம்.

அம்மாவிடம் சொன்னது

இதை நான் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை முடிந்து, பி.டி.க்கு விண்ணப்பம் வாங்கி வந்த பிறகு ஒரு மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். ஊரெல்லாம் சுற்றி நாலு வருடக் கணக்கை விரல் மடக்கிப் போட்டவள் அவள். அழுவாள், அல்லது அந்த டீச்சரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்க இருக்கட்டும்மா. அந்த வேலை நமக்கு வேணாம்" என்றாள். பிறகு, "உங்கத்தாட்ட இப்ப சொல்லாதே" என்றாள்.

பி.டி. படித்த வருடம் முழுவதும் நாங்கள் இருவரும் அந்த ரகசியத்தைச் சுமந்தோம். ஸ்ரீரங்கத்து வேலை நிச்சயம் என்று அத்தா பெரியத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். மொழிப் போராட்டத்தில் கல்லூரிகள் மூடிக் கிடந்த நாட்களில், பரீட்சை தள்ளிப் போகிறதே என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பரீட்சை முடிந்த வாரம் நானே அத்தாவிடம் சொன்னேன். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியத்தா வந்தார். மலேயா மாப்பிள்ளை இன்னும் காத்திருக்கிறான், வருகிற பிறையில் பேசி முடித்துவிடலாம் என்றார். அத்தா மறுத்துச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டவுன் பஸ்

அப்போது தஞ்சாவூர் சாலையில், காட்டூரையும் திருவெறும்பூரையும் தாண்டி ஒரு பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. இப்போது கைலாசபுரம் என்கிறோமே, அங்கே அன்றைக்குச் செம்மண்ணும் பாதி கட்டிய குவார்ட்டர்ஸ் வீடுகளும்தான். ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், எல்லாப் பாடத்துக்கும் ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வெல்லம் மடித்து வந்த காகிதத்தில் அம்மாதான் அதைப் பார்த்தாள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது.

நேர்முகத்துக்கு அம்மாவோடு போனேன். வந்த பெண்களில் நேச்சுரல் சயின்ஸ் படித்தவர்கள் மூன்று பேர்தான். பத்து நாளில் நியமனக் கடிதம் வந்துவிட்டது.

பெரியத்தா கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "இது வெளியூரு" என்றார். "காடு. அங்கல்லாம் நம்ம பொண்ணை அனுப்ப முடியாது."

அத்தா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் முடிவு என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை கடையைத் திறக்காமல், குடையை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நான் பாயில் உட்கார்ந்து, ஜமீலாவின் போட்டோவை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் வந்தார். வேட்டியின் கரையெல்லாம் செம்மண். ஒரு செம்பு தண்ணீரை நின்றபடி குடித்தார். பள்ளிக்கூடம் திறந்தால் எத்தனை மணிக்கு விடும் என்று விசாரித்து, அந்த நேரம்வரை அங்கேயே மரத்தடியில் இருந்திருக்கிறார். அந்த நேரத்துக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்கு வெகுநேரம் முன்பே வீடு வந்து சேரலாம் என்று அம்மாவிடம் சொன்னார். மாற்று பஸ் வேண்டாம், பாலக்கரையில் ஏறினால் நேராக அங்கே இறக்கிவிடுகிறான் என்றார். பிறகு, கால்கூடக் கழுவாமல், அண்ணன் வீட்டுக்குப் போனார். அம்மா என்னையும் பின்னாலேயே அனுப்பினாள்.

பெரியத்தா ஈஸிசேரில் இருந்தார். அத்தா எதிரில் உட்காரவில்லை.

"போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்ணே. டவுன் பஸ் போகுது. டவுன் பஸ் போற இடம் வெளியூர் இல்ல."

பெரியத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். வேட்டியின் செம்மண்ணையும் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"எம் பொண்ணு இங்கதான் இருப்பா" என்றார் அத்தா.  அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

 பெரியத்தா உள்ளே பார்த்து, தம்பிக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஏழாம் வகுப்பு. சுவரில் சிமென்ட் ஈரம் காயவில்லை. தொழிற்சாலை வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள். பாலக்காடு, விஜயவாடா, கோலார், மதராஸ் என்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயரையும் ஊரையும் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்ததும், முன் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி கையைத் தூக்கி, டீச்சர், நீங்க எந்த ஊர் என்றாள்.

"இதே ஊர்தான்" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்தவர் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதை அவர்கள் அதுவரை யோசித்திருக்கவில்லை. அந்தப் பெண் மறுபடியும் எழுந்து, நிஜமாவா டீச்சர் என்று கேட்டாள்.